பொடக்காலியில் ஒரு பயேயா

பட்டனை அழுத்தினால் ஆள் ஓடி வருமாம். அதைச் சொல்லித்தான் என் மகள் வர்ஷினி என்னை என் சொந்த வீட்டிலிருந்து கிளப்பப் பார்த்தாள்.

தொண்டாமுத்தூர்ப் பக்கம், மலையடிவாரத்தில், வயதானவர்களுக்கென்றே வரிசையாகக் கட்டிப் போட்டிருக்கும் வீடுகள் அவை. கைபேசியில் படம் காட்டினாள். புல்தரை, நடைபாதை, எல்லோருக்கும் சேர்த்து ஒரே சாப்பாட்டுக்கூடம், யோகா செய்ய ஒரு கொட்டகை. கட்டில் தலைமாட்டில் சிவப்பாக ஒரு பட்டன்.

"ஒடம்புக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா இதை ஒரு அழுத்து அழுத்தினாப் போதுங்கப்பா. நர்ஸ் உடனே வந்துருவாங்க" என்றாள்.

"யானை வந்தா எந்தப் பட்டனை அழுத்தறது கண்ணு?"

அந்தப் பக்கத்துத் தோட்டங்களில் யானை புகுவது ஊரறிந்த செய்தி. இருந்தும் அவள் சிரிக்கவில்லை. என் மகள் சிரிக்காவிட்டால் காரியம் கைமீறிப் போகிறது என்று அர்த்தம். "திங்கக்கெழமை போயிப் பேசி முடிச்சறலாமுங்கப்பா" என்று சொல்லிவிட்டுக் கைபேசியைக் கவிழ்த்து வைத்தாள்.

என் பெயர் கந்தப்பன். கணபதி என்கிற பகுதியில் வீடு. வீட்டுக்கு நாலு கடை தள்ளி லேத் பட்டறை வைத்திருந்தேன். பம்புசெட்டுக்கு ஷாஃப்ட் கடைந்தே ஒரு பிள்ளையைப் படிக்கவைத்து, ஸ்பெயின் தேசத்து வாலென்சியா வரைக்கும் வேலைக்கு அனுப்பினேன். பட்டறையை வாடகைக்கு விட்டாயிற்று. என் மனைவி தெய்வாத்தாள் போய்ச் சேர்ந்தும் இரண்டு வருடமாகிறது. அதிலிருந்து நான் தனி. தனியாக இருக்கிறேனே தவிர, தவித்துக் கிடக்கவில்லை. காலையில் கடைவீதி, மத்தியானம் தூக்கம், சாயங்காலம் பட்டறை வாசலில் உட்கார்ந்து அடுத்தவன் வேலையில் குறை கண்டுபிடிப்பது என்று எனக்குப் பொழுது போதவில்லை.

வர்ஷினிக்கு இது புரியவில்லை. போன மழைக்காலத்தில் இரண்டு நாள் நான் போனை எடுக்காமல் இருந்துவிட்டேன். அவள் அங்கே அழுது, சொந்தபந்தங்களுக்கெல்லாம் போன் போட்டு, ஊரையே கலக்கிவிட்டாள். போன் தண்ணீரில் விழுந்துவிட்டது என்று சொன்னேன். நம்பினாளா என்று தெரியாது. ஆனால் அன்றைக்கு அவள் மனதில் விழுந்ததுதான் இந்தப் பட்டன்.

இந்தத் தடவை விடுமுறைக்கு வந்ததும் அவள் செய்த முதல் காரியம் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்ததுதான். உள்ளே தயிர் இருந்தது. மெஸ்ஸிலிருந்து வாங்கிய சாம்பார் பொட்டலங்கள், முடிச்சுக்கூட அவிழ்க்காமல், ஒன்றின்மேல் ஒன்றாக இருந்தன. ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தாள்.

"தனியா இருக்கற லட்சணம் இதுதானுங்களா?"

"எனக்குச் சமைக்கத் தெரியாதுன்னு நெனச்சயா? ஒருத்தனுக்குச் சமைக்கத் தோணலை, அவ்வளவுதான்."

"அப்படீன்னா ஒருநாள் ராத்திரிச் சாப்பாடு நீங்களே செய்யுங்க, பாக்கலாம். ரசம் வெச்சு ஏமாத்தக் கூடாது."

எனக்கு வாய்தான் எதிரி. "ஞாயித்துக்கெழமையானா அங்க திங்கறயே, மஞ்சச் சோறு, அதையே செஞ்சு போடறேன்" என்று சொல்லிவிட்டேன்.

"பயேயாவா?" அவள் புருவம் மேலே போனது. "அது அங்க இருக்கறவங்களுக்கே சரியா வராதுங்கப்பா."

"வந்தா?"

"வந்தா திங்கக்கெழமை நாம எங்கயும் போக வேண்டாம். நீங்க இங்கயே இருங்க, நான் மறுபடியும் அந்தப் பேச்சையே எடுக்கலை. ஆனா ஆரும் கூடமாட ஒத்தாசை பண்ணக் கூடாது. முக்கியமா நாச்சியம்மா அத்தை இந்தப் பக்கமே வரக் கூடாது."

"சரி" என்றேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என்று முடிவாயிற்று.

நாச்சியம்மாள் எங்கள் பக்கத்து வீடு. கணவர் ஈஸ்வரமூர்த்தி வார்ப்படப் பட்டறையில் வேலை பார்க்கிறார். இரண்டு வீட்டுப் பொடக்காலிக்கும், அதாவது கொல்லைப்புறத்துக்கும், நடுவில் கழுத்துயரச் சுவர். அந்தச் சுவரில் ஒரு சின்ன இரும்புக் கேட் உண்டு. குழம்புக் கிண்ணத்தைத் தெருவழியாகச் சுற்றிக் கொண்டுபோக வேண்டியிருக்கிறது என்று தெய்வாத்தாள் நச்சரித்து என்னைக் கொண்டே வைக்கச் செய்த கேட். தாழ்ப்பாள் என் பக்கம் இருக்கிறது. பொருத்திய நாளிலிருந்து அதை யாரும் போட்டதில்லை. நாச்சியம்மாள் கேட்டைத் திறந்துகொண்டு வருவார், கிண்ணத்தை மேடையில் வைப்பார், "ஏனுங்ண்ணா, கொள்ளுப்பருப்பு வெச்சிருக்கறேன்" என்பார், போய்விடுவார். தெய்வாத்தாள் போன பிறகும் கிண்ணம் வருவது நிற்கவில்லை.

அவரிடம் விஷயத்தைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்று கேட்பார். நான் இந்த வீட்டைவிட்டுப் போனாலும் போய்விடுவேன் என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால் சொல்லாமலே சமாளித்துவிடலாம் என்று நினைத்தேன்.

நான் எந்த வேலையையும் வரைபடம் இல்லாமல் தொடங்கியதில்லை. ஒரு வாரம் கைபேசியில் வீடியோவாகப் பார்த்துத் தள்ளினேன். பயேயாவுக்கு அகலமான, ஆழமில்லாத இரும்புச் சட்டி வேண்டும். பெரிய கடை வீதியில் பாத்திரக்கடை பாத்திரக்கடையாக ஏறி இறங்கி ஒன்றைப் பிடித்தேன். கடைக்காரர் தட்டிக் காட்டினார். நான் இரும்பு அளவுகோலை அடியில் வைத்துப் பார்த்தேன். நடுவில் லேசாகத் தொப்பை. "இதுல எண்ணெய் எல்லாம் ஓரத்துக்கு ஓடுமுங்களே" என்றேன். "நீங்க சமைக்கப் போறீங்களா, இல்லை இதுல மிசின் உக்கார வெக்கப் போறீங்களா?" என்று கேட்டார். நான் அடுத்த சட்டியைப் புரட்டினேன். அது சமமாக இருந்தது.

அடுத்தது அரிசி. அந்த ஊர் அரிசி குட்டையாக, குண்டாக, குழம்பையெல்லாம் குடித்துவிட்டும் குழையாமல் நிற்குமாம். இட்லி அரிசியைப் போட்டுப் பார்த்தேன்; இட்லியாகவே போய்விடலாம் என்று அடம்பிடித்தது. பொன்னி ஒட்டிக்கொண்டது. சீரகச் சம்பாதான் கடைசியில் சொன்ன பேச்சைக் கேட்டது. சோதனையில் தோற்றதையெல்லாம் தெருநாய்க்கு வைத்தேன். அதுவும் இரண்டாம் நாளிலிருந்து முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் வாய் வைத்தது.

குங்குமப்பூவும், புகையில் வாட்டிய மிளகாய்ப் பொடியும் வர்ஷினியே அங்கிருந்து கொண்டுவந்திருந்தாள். பட்டை அவரையும் பெரிய வெள்ளை மொச்சையும் போடுவார்களாம். இதைக் கேட்டபோது எனக்கு அந்த ஊர்க்காரர்கள்மேல் ஒரு மரியாதை வந்தது. நம் சந்தையில் கூறுகட்டி வைத்திருப்பதைத்தான் அவர்களும் சாப்பிடுகிறார்கள். அவரைக்காயும் பச்சை மொச்சையும் வாங்கினேன், நாட்டுக்கோழி ஒன்று வெட்டி வாங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுந்ததும் போய் அந்தக் கேட்டுக்குத் தாழ்ப்பாளைப் போட்டேன். போட்டே பழக்கமில்லாத தாழ்ப்பாள், கிறீச்சென்று கத்தியது. கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கம் கேட் ஆடியது. பிறகு சுவருக்கு மேலே நாச்சியம்மாளின் தலை தெரிந்தது.

"ஏனுங்ண்ணா, கேட்டு இறுகிப்போச்சுங்களா? தொறக்கவே மாட்டீங்குது."

"இல்லீங்க அம்மணி. நாய் வருதுன்னு தாழ்ப்பாள் போட்டேன்."

"நாய் என்ற ஊட்டு வழியா எப்படிங்ண்ணா வரும்?"

கேட்டுக்கொண்டே சுவருக்கு மேலே கிண்ணத்தை நீட்டினார். "இன்னைக்கு வேண்டாமுங்க. பாப்பா வந்திருக்குது, வெளிச் சாப்பாடு" என்றேன். நீட்டிய கையை மெதுவாக இழுத்துக்கொண்டார்.

மத்தியானம் நான் பொடக்காலியில் செங்கல் அடுக்கி அடுப்புக் கூட்டிக்கொண்டிருந்தபோது தலை மறுபடியும் தெரிந்தது. கேஸ் அடுப்பில் நடு மட்டும்தான் சூடாகும். இத்தனை அகலச் சட்டிக்கு விறகடுப்புதான் சரி. ரசமட்டம் வைத்து, செங்கல்லின் கீழே ஓட்டுச்சில்லு கொடுத்து, அங்குலம் பிசகாமல் உட்கார வைத்துக்கொண்டிருந்தேன்.

"என்னங்ண்ணா, செங்கல்லெல்லாம்? ஏதாச்சும் பூசையா? மேலுக்கு ஏதும் முடியலீங்களா? மொகமே செரியில்லையே."

"அம்மணி, எனக்கு ஒண்ணுமில்லீங்க. கொஞ்ச நேரம் என்னையச் சும்மா உடறீங்களா?"

தலை மறைந்தது. அவ்வளவு வெடுக்கென்று நான் அவரிடம் பேசியதே இல்லை. மனதுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் பந்தயத்தில் தோற்றால் அதைவிடக் கஷ்டம் என்று ரசமட்டத்தைப் பார்த்துக் குனிந்துகொண்டேன்.

முதலில் குளிர்ந்த சூப். வேகவைக்காத தக்காளிப் பழம், வெள்ளரிக்காய், பூண்டு, ஊறவைத்த ரொட்டி எல்லாவற்றையும் மிக்சியில் போட்டு அரைத்து, ஆலிவ் எண்ணெய் விட்டுக் குளிர வைத்தேன். தாளிக்காத, கொதிக்காத, ஐஸில் வைத்த ரசம் என்று வைத்துக்கொள்ளுங்கள். குடித்துப் பார்த்தால் நன்றாகத்தான் இருந்தது. கை தானாகக் கடுகு டப்பாவுக்குப் போனது, அடக்கிக்கொண்டேன். அடுத்து உருளைக்கிழங்கை எண்ணெயில் வேகவைத்து முட்டையோடு கலந்து கனமாக ஒரு ஆம்லெட். அதைத் தட்டில் கவிழ்த்துத் திருப்பிச் சட்டியில் விட்டேன். உடையாமல் விழுந்தது. தனியாக நின்று நானே ஒரு கைதட்டு தட்டிக்கொண்டேன்.

வர்ஷினி மாடியில் இருந்தாள். அவளுடைய ஆபீசிலிருந்து போன் வந்துவிட்டது. வாலென்சியாவில் இப்போதுதான் மத்தியானமாம். ஞாயிற்றுக்கிழமையும் விடமாட்டார்கள் போலிருக்கிறது.

பொழுது சாய்ந்ததும் அடுப்பை மூட்டினேன். தேங்காய்த் தொட்டியும் தென்னை மட்டையும் போட்டதும் சட்டென்று பிடித்துக்கொண்டது. கோழியைச் சிவக்க வறுத்து, அவரையும் மொச்சையும் போட்டு, தக்காளியைத் துருவி விட்டு வதக்கி, மிளகாய்ப்பொடி தூவி, தண்ணீர் விட்டுக் கொதிக்கவிட்டேன். குங்குமப்பூ விழுந்ததும் சட்டி மஞ்சளாகிப் புதுமணம் ஒன்று எழும்பியது. நாட்டுக்கோழி வேகும்வரை பொறுத்திருந்து, அரிசியைச் சட்டி முழுக்க ஒரே கனத்தில் பரப்பினேன்.

இதற்கப்புறம்தான் இந்தச் சமையலின் சட்டம் இருக்கிறது. கிண்டக் கூடாது. பரப்பிய அரிசியைத் தொடவே கூடாது. தண்ணீர் வற்றி, கடைசியில் அடிச்சோறு சட்டியோடு பிடித்துக்கொள்ள வேண்டும். பொன்னிறமாக, மொறுமொறுவென்று. அதற்குத் தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள்: சொக்கராத். அந்த ஊரில் நல்ல பயேயாவுக்கு அடையாளமே அதுதானாம். அதைச் சுரண்டித் தின்பதற்கு வீட்டில் சண்டையே நடக்குமாம். நம் வீடுகளில் சோறு அடிப்பிடித்தால் அதைச் சமைத்தவளுக்கு அடுத்த அமாவாசை வரை பேச்சு விழும்.

அந்தப் பதத்தைக் கண்ணால் பார்க்க முடியாது, காதால்தான் கேட்க வேண்டும் என்றார் வீடியோக்காரர். எனக்குச் சிரிப்பு வந்தது. பேரிங் தேய்ந்த சத்தத்தைப் பட்டறை வாசலில் நின்றே சொல்பவன் நான். சட்டிமேல் குனிந்து காதைக் கொடுத்தேன். முதலில் கொதி சத்தம் வந்தது, அது அடங்கிப் பொத பொதவென்றது. பிறகு வந்தது, படபடவென்று மெல்லிய வெடிப்பு. மணமும் லேசாக மாறியது. இன்னும் கொஞ்சம், அவ்வளவுதான். எனக்குள்ளே ஒரு சந்தோஷம் பொங்கிக்கொண்டு வந்தது. ஜெயித்துவிட்டேன் என்று தோன்றியது. இதை வர்ஷினி தன் காதாலேயே கேட்கட்டும் என்று உள்ளே ஓடினேன்.

"கண்ணு, கீழ வா, வந்து கேளு!" என்று மாடிப்படியில் நின்று கத்தினேன். மேலே போன் பேச்சு நின்றதுபோல் இருந்தது, ஆனால் ஆள் வரவில்லை. மேலே வைக்க எலுமிச்சம்பழம் வேண்டும் என்று நினைவு வந்து, அடுக்களைக்குப் போய்த் தேடி எடுத்து நறுக்கினேன். மிக்சி, பாத்திரம் என்று மேடையெல்லாம் இறைந்து கிடந்ததால், எல்லாவற்றையும் கடகடவென்று உருட்டிக் கத்தியைக் கண்டுபிடிக்கக் கொஞ்சம் தாமதமாகிவிட்டது. தட்டை எடுத்துக்கொண்டு திரும்பும்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. பழுக்கக் காய்ந்த இரும்பில் தண்ணீர் விழுந்தால் வருமே, அந்த உஸ்ஸ்.

பொடக்காலி முழுக்க ஆவி. ஆவிக்கு நடுவில் நாச்சியம்மாள் நின்றிருந்தார். புடவையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகியிருந்தார். ஒரு கையில் என் சொம்பு. இன்னொரு கையில் என் கரண்டி. சட்டியை அடியோடு சுரண்டி, முழுக்கக் கிண்டிக்கொண்டிருந்தார்.

"நல்ல வேளைங்ண்ணா!" என்றார் மூச்சு வாங்க. "அடுப்புல வெச்சுப்போட்டு எங்க போனீங்க? தீஞ்ச வாசம் எங்கூட்டு வரைக்கும் வந்துச்சு. ஒரு சொம்பு தண்ணி ஊத்தி, அடியில இருந்து நல்லாக் கிண்டி உட்டுப்போட்டேன். இனிப் பயமில்லை."

தட்டு என் கையிலிருந்து எப்போது விழுந்தது என்று தெரியவில்லை. எலுமிச்சந்துண்டுகள் மண்ணில் உருண்டன.

"ஐயோ அம்மணி! ஆருங்க உங்களைய ஊத்தச் சொன்னது? அது தீயலீங்க, அப்படித்தான் அடிப்புடிக்கோணும்! கிண்டவே கூடாதுங்க அதை!"

"அடிப்புடிக்கோணுமா?" அவர் என்னைப் பார்த்த பார்வையில், எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று முடிவு செய்தது தெரிந்தது. "அண்ணா, முதல்ல இப்படி உக்காருங்க."

"உக்கார்றதா? உங்களால இப்ப நான் ஊட்டை உட்டே போகோணுமுங்க!"

சொல்லிவிட்டேன். ஒரு வாரமாக வாய்க்குள் வைத்திருந்தது, கோபத்தில் விழுந்துவிட்டது. நாச்சியம்மாள் கரண்டியைச் சட்டியின் ஓரத்தில் மெதுவாக வைத்தார்.

"எங்கீங்ண்ணா போறீங்க?"

நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் சொன்னேன். தொண்டாமுத்தூர் வீடு, பட்டன், பந்தயம், ஒத்தாசை கூடாது என்ற நிபந்தனை, காலையில் போட்ட தாழ்ப்பாள். அவர் செருகிய புடவையை இறக்கிவிட்டுக்கொண்டார். முந்தானையால் முகத்தைத் துடைத்தார். புகையா, வேறு ஏதாவதா என்று நான் கேட்கவில்லை.

"எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்லீங்க" என்றார். "சொல்லியிருந்தா தெருப்பக்கமாப் போயி நின்னிருப்பேன். கெடுத்துப்போட்டேனே. இப்ப என்ன பண்றதுங்ண்ணா?"

எனக்குக் கோபம் முழுக்கப் போய்விட்டது. அந்த இடத்தில் வெட்கம்தான் மிச்சமிருந்தது. தீயை வெளியே இழுத்துத் தணலாக்கி, சட்டியில் மிஞ்சிய தண்ணீர் சுண்டட்டும் என்று விட்டேன். அந்த நேரம் வர்ஷினி பின்வாசலில் வந்து நின்றாள். எப்போதிலிருந்து நிற்கிறாள் என்று தெரியவில்லை. கையில் போன் இல்லை.

"தோத்துட்டேன் கண்ணு" என்றேன். "சோறும் கெட்டுப்போச்சு, ஒத்தாசையும் வந்துபோச்சு. திங்கக்கெழமை போயிட்டு வந்தறலாம்."

அவள் உள்ளே போய் மூன்று தட்டு எடுத்துவந்தாள். "உக்காருங்கத்தை" என்றாள். "நான் போறன் கண்ணு, அவரு வர்ற நேரம்" என்று கிளம்பியவரை, கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

குளிர்ந்த சூப்பை நாச்சியம்மாள் ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளருக்குள் எட்டிப் பார்த்தார். "சுட வெக்க மறந்துட்டீங்களா?" என்றார். உருளைக்கிழங்கு ஆம்லெட் அவருக்குப் பிடித்தது. "மொளகு கொஞ்சம் போட்டிருந்தா இன்னும் எடுப்பா இருந்திருக்கும்" என்று இன்னொரு துண்டு வாங்கிக்கொண்டார். அடுத்து அந்தச் சோறு. குழைந்து போயிருந்தது. அவரைக்காய் உடைந்து, மொச்சை மசிந்து, கோழித்துண்டுகள் எலும்பைவிட்டு விலகி, பார்ப்பதற்குப் பயேயாவும் இல்லை, பிரியாணியும் இல்லை. ஆனால் வாயில் வைத்தால், சொல்ல வேண்டுமே, ருசியாக இருந்தது. கிண்டியதில் அடியில் பிடித்ததெல்லாம் மேலே வந்து கலந்திருந்தது.

சட்டியின் ஒரு ஓரத்தில், கரண்டி எட்டாத இடத்தில் மட்டும் கொஞ்சம் சொக்கராத் தப்பிப் பிழைத்திருந்தது. வர்ஷினி அதைச் சுரண்டி எடுத்து நாச்சியம்மாளின் தட்டில் வைத்தாள்.

"இதுக்குத்தானுங்கத்தை அவ்வளவு பாடும்."

அவர் கடித்தார். கடுக்கென்றது. மென்றார். "தீஞ்ச சோத்தைத் திங்கவா கண்ணு அத்தனை தூரம் ஏரோப்ளேன் ஏறிப் போனே? சொல்லியிருந்தா நான் இங்கயே மாசத்துக்கு ரெண்டு வாட்டி வெச்சுக் குடுத்திருப்பேனே" என்றார்.

வர்ஷினி சிரித்துவிட்டாள். வந்த நாளிலிருந்து அன்றைக்குத்தான் அப்படிச் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. தோற்றுப் போனவனுக்கு என்ன சிரிப்பு என்று அடக்கிக்கொண்டேன்.

சிரிப்பு அடங்கியதும் நாச்சியம்மாள் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "உங்கப்பாவைக் கூட்டிக்கிட்டுப் போறது உன்ற இஷ்டம் கண்ணு. நீ அவரு பெத்த புள்ளை, உனக்கு வெசனம் இருக்கும். ஆனா பாக்க ஆளில்லைன்னு மட்டும் சொல்லாதே. போன மழைக்குக் காச்சல்ல சுருண்டு கெடந்தப்ப நாங்க பாக்கலையா?"

நான் இருமினேன். பலனில்லை.

"எந்தக் காச்சல்?" என்றாள் வர்ஷினி.

"உனக்குத் தெரியாதா? பால் பாக்கெட் வெயில் ஏறியும் வாசல்லயே கெடந்துச்சு. என்னமோன்னு கேட்டைத் தொறந்துட்டு வந்து பாத்தா, கண்ணு முழிக்காமக் கெடக்கறாரு. நானும் அவருமாத் தூக்கி ஆட்டோவுல போட்டுக் கொண்டுபோயி ஊசி போட்டு, ரெண்டு நாள் கஞ்சி வெச்சுக் குடுத்தோம். புள்ளைக்குச் சொல்லாதீங்க, அது அங்க தனியா இருந்துட்டு அழுகும்னு அண்ணன் சத்தியம் வாங்கிப்போட்டாரு."

சொல்லி முடித்த பிறகுதான் சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டோம் என்று அவருக்கு உறைத்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டார். வர்ஷினி என்னைப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் நிறைந்திருந்தது.

"போன் தண்ணியில விழுந்துச்சுன்னு சொன்னீங்களே, அந்த ரெண்டு நாளுங்களா?"

"ஆமா கண்ணு."

எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். பந்தயத்தில் தோற்றது போதாதென்று பொய்யும் பிடிபட்டுவிட்டது. மனதுக்குள் பெட்டியைக் கட்டவே தொடங்கிவிட்டேன். தெய்வாத்தாள் வைத்த கறிவேப்பிலைச் செடிக்கு யார் தண்ணீர் ஊற்றுவார்கள் என்று யோசனை ஓடியது.

வர்ஷினி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நான் மேல ஜன்னல்கிட்ட நின்னுதான் போன் பேசிட்டிருந்தேனுங்கப்பா" என்றாள். "அத்தை ஓடியாந்து கேட்டைத் தள்ளிப் பாத்தாங்க. தொறக்கலை. அண்ணா அண்ணான்னு கூப்பிட்டாங்க. உங்க சத்தத்தையே காணோம். பொடவையைத் தூக்கிச் செருகிட்டு, தொவைக்கற கல்லு மேல ஏறி, சுவரைத் தாண்டிக் குதிச்சுட்டாங்க. நான் போனை வெச்சுட்டு அப்படியே நின்னுட்டேன்."

"பின்னே என்ன கண்ணு, உள்ள அண்ணனுக்கு என்னாச்சோன்னு இருந்துச்சு" என்றார் நாச்சியம்மாள். "காலையில இருந்தே ஒரு மாதிரியாப் பேசிட்டிருந்தாரு. வந்து பாத்தாத் தீயற சட்டிதான் இருந்துச்சு. முதல்ல அதைக் காப்பாத்துவோம்னு ஊத்திப்போட்டேன்."

"நான் பாத்த எடத்துலயெல்லாம் பட்டன் இருக்கான்னு மட்டுந்தானுங்கப்பா கேட்டேன்" என்றாள் வர்ஷினி. "அங்க பட்டனை நீங்கதான் அழுத்தோணும். கண்ணு முழிக்காமக் கெடந்தா எப்படி அழுத்துவீங்க? இங்க சோறு தீஞ்சாலே ஆள் வருது. தாழ்ப்பாள் போட்டிருந்தாலும் வருது."

மறைத்து என்ன பிரயோஜனம், அழுதேன். நாச்சியம்மாள் தண்ணீர்ச் சொம்பை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"அப்படீன்னா திங்கக்கெழமை?" என்றேன்.

"எங்கயும் போகலீங்க. ஆனா இனி உங்களை நம்பமாட்டேன். அத்தை, உங்க போனைக் குடுங்க, என்ற நம்பரைப் போட்டுத் தர்றேன். அப்பா ஆயிரம் சத்தியம் வாங்கட்டும், எனக்கு உடனே சொல்லிப்போடோணும்."

"அதுக்கென்ன கண்ணு, தும்மினாலே சொல்லிப்போடறேன்" என்றார் நாச்சியம்மாள். எழுந்தவர் சட்டியை எட்டிப் பார்த்தார். "அவருக்கும் கொஞ்சம் போட்டுக் குடுங்க. அந்தத் தீஞ்சது இருந்தா அதையும் வெச்சுக் குடுங்க. ஸ்பெயின் பலகாரம்னு சொல்லிக்கலாம்."

கிண்ணம் நிறையப் போட்டுக் கொடுத்தேன். இத்தனை வருடத்தில் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம், என் கையால் செய்து, ஒரு கிண்ணம் போனது அன்றைக்குத்தான்.

மறுநாள் காலையில் முதல் வேலையாக ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு பொடக்காலிக்குப் போனேன். வர்ஷினி காபி டம்ளரோடு பின்வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். துருப்பிடித்த திருகு, லேசில் வரவில்லை. எண்ணெய் விட்டு, சுத்தியலால் தட்டி, ஒவ்வொன்றாகக் கழற்றி, அந்தத் தாழ்ப்பாளைக் கேட்டிலிருந்து எடுத்தேன். அந்தப் பக்கம் செருப்புச் சத்தம் கேட்டது. கேட் திறந்தது. கையில் கிண்ணத்தோடு நாச்சியம்மாள் நின்றிருந்தார். என் கையில் இருந்ததைப் பார்த்தார்.

"ஏனுங்ண்ணா, தாழ்ப்பாள் கெட்டுப்போச்சுங்களா?"

"ஆமாங்க அம்மணி, கெட்டுப்போச்சு" என்று சொல்லிக் கிண்ணத்தை வாங்கிக்கொண்டேன்.